இருள் முகிலில் இளம் விண்மீன்கள்

நுழையும்முன்

விண்மீன்கள் செறிந்து கிடக்கும் வானப் பகுதிகளுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாதவை போலத் தோன்றும் கருந்திட்டுகள் சில உள்ளன. அவை வெற்றிடங்களா, மறைப்புகளா என்னும் வினாவுக்கு விடை காண ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அவ்விடங்களே விண்மீன்களின் பிறப்பிடம் என்பது அதற்கும் பிறகே தெரியவந்தது. கண்ணுக்குப் புலனாகாத ஒளியைக் கொண்டு அப்பிறப்பிடங்களைத் துழாவிய வரலாறு இது.

விருச்சிகத்தில் ஒரு துளை

ஆனி மாத இரவுகளில் தென்கிழக்கு வானில் தேளின் வடிவில் எழும் விண்மீன் குழு விருச்சிகம். அதன் நடுவே செந்நிறமாக ஒளிர்வது கேட்டை. கேட்டைக்குச் சற்று வடக்கே வெறுங்கண்ணுக்கு எதுவும் சிறப்பாகத் தெரிவதில்லை. தொலைநோக்கியால் பார்த்தாலும் அவ்விடம் வியப்பளிப்பது, அங்கு இருப்பவற்றால் அன்று, இல்லாதவற்றால்தான்.

யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல், வானத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை விண்மீன்கள் உள்ளன என எண்ணும் பெரும்பணியை மேற்கொண்டிருந்தார். எண்ணிக்கொண்டே வந்தவர் விருச்சிகத்தின் உடற்பகுதியில் திகைத்து நின்றார். சுற்றிலும் விண்மீன்கள் மண்டிக்கிடக்க, அங்கே மட்டும் ஒரு வெறுமை. 1785இல் வெளியிட்ட கட்டுரையில் அதனை வானத்தில் உள்ள ஒரு திறப்பு எனக் குறித்தார். அத்திறப்பின் ஓரத்தில் மிக நெருக்கமான விண்மீன் கொத்து ஒன்று இருந்தது. வெறுமையாகிய இடத்தில் முன்பு இருந்த விண்மீன்கள் எல்லாம் ஈர்ப்பு விசையால் இழுக்கப்பட்டு அக்கொத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று அவர் ஐயுற்றார். தவறான விளக்கந்தான், ஆயினும் அன்றைய அறிவுக்குப் பொருத்தமான விளக்கம்.

அத்துளை அவருடைய குடும்பத்தில் மறக்கப்படவில்லை. ஹெர்ஷலின் தங்கை கரோலின், பல இரவுகள் அண்ணனுக்குத் துணையாக அமர்ந்து அவர் சொல்லச்சொல்லக் குறிப்பெடுத்தவர். தாமே வால்மீன்கள் பலவற்றைக் கண்டறிந்தவர். ஹெர்ஷல் மறைந்த பின், அவர் மகன் ஜான் தென்வானை ஆராய்வதற்காகத் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். அப்போது எண்பது வயதைக் கடந்திருந்த கரோலின், தேளின் கீழ்ப்பகுதியைக் கவனிக்க மறவாதே என்று அவருக்குக் கடிதம் எழுதினார். அண்ணன் திரும்பத்திரும்ப அவ்விடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது அவர் நினைவில் அத்தனை ஆழமாகப் பதிந்திருந்தது.

துளையா, திரையா?

எட்வர்டு பர்னார்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். ஏறத்தாழ ஒன்பது வயதிலேயே நிழற்பட நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்குக் கற்ற தொழிலே பின்னாளில் அவரது ஆய்வுக் கருவியாயிற்று. பால்வழியை மணிக்கணக்காக ஒளிபடச் செய்து அவர் எடுத்த படங்களில் கருந்திட்டுகள் எண்ணற்றவை தெரிந்தன. அவற்றைத் துளைகள் என்று கொள்வதா, ஒளியை மறைக்கும் பொருள்கள் என்று கொள்வதா என அவர் பல ஆண்டுகள் தயங்கினார்.

1913ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நிலவற்ற இரவு. பர்னார்டு தென்பால்வழியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, பூமியின் வானில் மிதந்த சிறிய முகில்கள் சில விண்மீன் திரளின் குறுக்கே வந்தன. பின்னணி ஒளிமயமாக இருந்ததால் அவை மைத்துளிகள் போலக் கரியனவாய்த் தோன்றின. தம் படங்களில் உள்ள கருந்திட்டுகளும் அப்படியே இருந்ததை அவர் உணர்ந்தார். 1919இல் இத்தகைய 182 கரும்பொருள்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். விண்மீன்களுக்கு இடையே ஒளியை மங்கச்செய்யும் தூசு பரவியிருப்பதை 1930இல் இராபர்ட் டிரம்ப்ளர் அளவீடுகளால் மெய்ப்பித்தார். துளைக் கொள்கை அத்துடன் முடிந்தது.

விண்மீனிடை முகிலின் நிறையில் ஏறத்தாழ 99 விழுக்காடு வளிமம், பெரும்பகுதி ஹைட்ரஜன். எஞ்சிய ஒரு விழுக்காடே தூசு. அத்தூசுத் துகள் ஒவ்வொன்றும் மைக்ரோமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவினது. புகையின் துகளோடு ஒப்பிடத்தக்கது. இந்த ஒரு விழுக்காடுதான் வானத்தையே மறைக்கிறது. பர்னார்டின் பட்டியலில் 68ஆவதாக உள்ள சிறு முகில் இதற்குத் தக்க சான்று. அதன் மையத்துக்குப் பின்னால் இருக்கும் விண்மீனின் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்கே முகிலைக் கடந்து வெளிவருகிறது. எத்தனை பெரிய தொலைநோக்கி செய்தாலும் கண்ணொளியால் அதனை ஊடுருவ இயலாது.

1947இல் பார்ட் போக் என்னும் வானியலாளர், எடித் ரெய்லியுடன் இணைந்து ஒரு கருத்தை முன்வைத்தார். உருண்டையான இச்சிறு கருமுகில்கள் தம் எடையால் தாமே சுருங்கி விண்மீன்களாக மாறும் நிலையில் உள்ளவை என்பது அக்கருத்து. அதை மறுக்கவும் வழியில்லை, ஏற்கவும் சான்றில்லை. உள்ளே என்ன நிகழ்கிறது என்று யாரும் பார்க்க முடியவில்லையே!

செந்நிறத்துக்கு அப்பால்

திரையை விலக்கும் திறவுகோலும் அதே ஹெர்ஷலின் கையில் கிடைத்திருந்தது. 1800ஆம் ஆண்டில் அவர் கதிரவனின் ஒளியை முப்பட்டகத்தால் நிறமாலையாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்தைக் கடந்து, ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறிற்று. கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர்களே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படுகின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் கண்ட துளைக்கும் இக்கதிர்களுக்கும் தொடர்பு உண்டு என்பதை அறிய அவருக்கு எவ்வழியும் இல்லை.

அத்தொடர்பு இருவகைப்பட்டது. முதலாவது, தூசு எல்லா ஒளியையும் ஒரேபோல் மறைப்பதில்லை. அலைநீளம் மிகுந்தால் மறைப்புக் குறைகிறது. மாலைக் கதிரவன் சிவந்து தெரிவதும் இவ்வியல்பை ஒட்டியதே: நீல ஒளி சிதறிப்போக, சிவப்பொளி கடந்து வருகிறது. கண்ணொளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பார்த்தால், பர்னார்டு 68இன் மையம் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு மாறாக, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு ஒளியை விடுகிறது. அம்முகிலை அகச்சிவப்பில் படமெடுத்தபோது, அதற்குப் பின்னால் மறைந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் வெளிப்பட்டன.

இரண்டாவது இன்னும் முதன்மையானது. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ற அலைநீளத்தில் மிகுதியாக ஒளிர்கிறது. 2900 என்னும் எண்ணைக் கெல்வின் அளவிலான வெப்பநிலையால் வகுத்தால் அந்த அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். 5800 கெல்வின் வெப்பமுடைய கதிரவனுக்கு அது 0.5, மனித உடலுக்கு ஒன்பதுக்குச் சற்று மேல், 30 கெல்வின் அளவில் குளிர்ந்த தூசுக்கு ஏறத்தாழ 100. ஆகவே தூசு மறைப்பது மட்டும் அன்று, தானும் ஒளிர்கிறது. செங்கல் சூளையின் உள்ளே எரியும் நெருப்பு வெளியே நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஆயினும் சுவரின் வெம்மையே உள்ளே நெருப்பு உண்டு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். முகிலுக்குள் பிறந்த விண்மீனும் அவ்வாறே. அதன் ஒளியை விழுங்கிய தூசு வெம்மையடைந்து, அதே ஆற்றலை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகிறது.

ஓரியனில் கிடைத்த முதல் சான்று

கொள்கை தெளிவாக இருந்தும், கருவி வாய்க்க நெடுங்காலம் ஆயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைத்துறைத் தேவைக்காக வளர்ந்த காரீய சல்பைடு உணரிகளே பின்னர் வானியலாளர் கைக்கு வந்தன.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எரிக் பெக்லின் என்னும் ஆய்வு மாணவர் 1960களின் நடுவில் ஓரியன் நெபுலாவை 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வரிவரியாகத் துழாவினார். இன்றுபோல் படம் எடுக்கும் உணரிகள் அப்போது இல்லை. ஒற்றை உணரியின் அளவைத் தாளில் கோடாக வரையும் பதிவுக்கருவி மட்டுமே இருந்தது. நெபுலாவின் நடுவே உள்ள பிரகாசமான விண்மீன்களை விட்டுச் சற்று விலகிய ஓரிடத்தில் அக்கோடு சரேலென உயர்ந்தது. ஒளிப்படங்களில் அவ்விடத்தில் எந்த விண்மீனும் இல்லை. பெக்லினும் அவருடைய வழிகாட்டி ஜெரி நியூகெபவரும் 1967இல் அதனை அறிவித்தனர். அதன் நிறத்தைக்கொண்டு கணித்த வெப்பநிலை ஏறத்தாழ 700 கெல்வின். விண்மீனின் பரப்புக்கு அது மிகக் குறைந்த வெப்பம்; விண்மீனைச் சூழ்ந்த தூசுக்கோ பொருத்தமான வெப்பம்.

பிறந்துகொண்டிருக்கும் விண்மீனா அது? அல்லது, முகிலுக்குப் பின்னால் தொலைவில் இருந்து, தூசால் சிவந்து தெரியும் பழைய பெருவிண்மீனா? அறிஞரிடையே சில ஆண்டுகள் வாதம் நடந்தது. முகிலுக்குள் புதைந்திருக்கும் இளைய, பெருநிறை விண்மீனே அது என்பது பின்னர் உறுதியாயிற்று. இன்றும் அது பெக்லின்–நியூகெபவர் பொருள் என்றே வழங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

தமிழர் பெயரிட்டு வழங்கும் நாள்மீன்களின் அருகிலேயே விண்மீன் பிறக்கும் முகில்கள் பல உள்ளன. கேட்டைக்கு அருகே ஒபியூகஸ் முகில். தொலைவு ஏறத்தாழ 390 ஒளியாண்டு. ரோகிணியும் கார்த்திகையும் இருக்கும் ரிஷபத்தில் டாரஸ் முகில். ஏறத்தாழ 450 ஒளியாண்டு. திருவாதிரை தோளாக அமைந்த ஓரியனில் ஓரியன் நெபுலா; ஏறத்தாழ 1350 ஒளியாண்டு. நாள்மீன்களும் முகில்களும் ஒரே தொலைவில் இருப்பவை அல்ல. பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரே திசையில் தோன்றுபவை.

தொட்டில் பருவங்கள்

1973இல் அகச்சிவப்புத் தேடல் ஹெர்ஷலின் துளைக்கே வந்து சேர்ந்தது. கேட்டைக்கு வடக்கே உள்ள அவ்விருளின் நெஞ்சுப்பகுதியை 2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஆராய்ந்த கேரி கிராஸ்டாலன், கரேன் ஸ்ட்ரோம், ஸ்டீபன் ஸ்ட்ரோம் ஆகியோர், வெளியே தெரியாத விண்மீன் கூட்டமே அங்குப் புதைந்திருப்பதைக் கண்டனர்.

கூட்டம் கிடைத்ததும் அதில் யார் மூத்தவர், யார் இளையவர் என்னும் வினா எழுந்தது. விண்மீனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. சார்லஸ் லாடாவும் புரூஸ் வில்கிங்கும் 1980களில் ஒபியூகஸ் முகிலின் விண்மீன்களைப் பல அலைநீளங்களில் அளந்து ஒரு வழி கண்டனர். விண்மீனைத் தூசு உறை முழுவதும் மூடியிருந்தால், அலைநீளம் கூடக்கூட ஒளி மிகும். இவை முதல் வகை. உறை கலைந்து, விண்மீனைச் சுற்றித் தட்டையான வட்டு மட்டும் எஞ்சினால், விண்மீனின் சொந்த ஒளியும் தெரியும். வட்டின் வெம்மையால் வரும் மிகை அகச்சிவப்பும் தெரியும். இவை இரண்டாம் வகை. வட்டும் பெரும்பாலும் கரைந்துவிட்டால் அது மூன்றாம் வகை. கோள்கள் உருவாவது இவ்வட்டில்தான். பூமியும் ஒரு காலத்தில் கதிரவனைச் சுற்றிய தூசு வட்டில் இருந்தது.

இவ்வரிசைக்கும் முந்திய பருவம் ஒன்று உண்டு என்பதை 1993இல் பிலிப் ஆந்த்ரே குழுவினர் சுட்டினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் சுழிய வகை. முதல் வகைக்கு முன்னால் வேறு எண் இல்லையே! இப்பருவத்தில் உறையின் நிறை, நடுவில் உள்ள விண்மீன் கருவின் நிறையைவிட மிகுதி. 2 மைக்ரோமீட்டரில் பார்த்தாலும் இவை பெரும்பாலும் தெரிவதில்லை. தொலை அகச்சிவப்பிலும் அதைவிட நீண்ட அலைகளிலுமே வெளிப்படுகின்றன. முதல் எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டதும் ஒபியூகஸ் முகிலில் இருந்தே வந்தது.

இளையதா, முதியதா, அயலதா?

அகச்சிவப்பில் ஒளிரும் புள்ளி எல்லாம் இளம் விண்மீன் ஆகிவிடாது. இத்தேடலின் கடினம் முழுவதும் இங்கேதான் உள்ளது. வாழ்நாளின் இறுதியை நெருங்கிய முதிய விண்மீன்கள் தம் புற அடுக்குகளை உதிர்த்துத் தம்மைச் சுற்றித் தூசுப் போர்வை ஒன்றை உண்டாக்கிக்கொள்கின்றன. பிறக்கும் விண்மீனும் தூசுக்குள். முடிவை நெருங்கும் விண்மீனும் தூசுக்குள்! இவையன்றி, முகிலுக்குப் பின்னால் மிக மிகத் தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களும் மங்கிய சிவப்புப் புள்ளிகளாகத் தோன்றி ஏமாற்றும்.

எனவே ஒரு புள்ளியைப் பல அலைநீளங்களில் அளந்து, அவற்றின் விகிதங்களை ஒப்பிடுகின்றனர். மிக மங்கியவற்றை அயல் மண்டலங்கள் என ஐயுற்று ஒதுக்குகின்றனர். அப்போதும் ஐயம் தீராவிட்டால், அப்புள்ளி முகிலின் மீது ஏதேனும் தாக்கத்தை உண்டாக்குகிறதா என்று தேடுகின்றனர். இளம் விண்மீன்கள் தம் துருவங்களின் வழியே வளிமத் தாரைகளைப் பீய்ச்சுவன. அத்தாரை முகிலின் வளிமத்தைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தால், விண்மீன் முகிலுக்குள் இருப்பது உறுதி.

சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள லின்ட்ஸ் 1014 என்னும் கருமுகிலின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விண்மீன் பிறவாத வெறும் முகில் என்றே அது கருதப்பட்டுவந்தது. 2004இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அதன் நடுவே ஒரு மங்கிய புள்ளியைக் காட்டியது. முகிலுக்குள் இருந்தால் அதன் ஒளிர்வு கதிரவனுடையதில் பத்தில் ஒரு பங்கு அளவே. அத்தனை மெலிந்த விண்மீன் கருவா, அல்லது வெகு தொலைவில் பின்னால் இருக்கும் வேறொரு விண்மீனா என ஐயம் எழுந்தது. அடுத்த ஆண்டில் ஹவாய்த் தீவின் மோனா கியா மலையில் உள்ள துணை மில்லிமீட்டர் அலைவாங்கிகள், அப்புள்ளியிலிருந்து புறப்படும் சிறிய வளிமப் பாய்ச்சலைக் கண்டறிந்தன. வழக்கு தீர்ந்தது: அது முகிலின் பிள்ளைதான். அதன் பின், வெறுமை என்று எழுதப்பட்ட மற்ற முகில்களையும் மீண்டும் பார்க்கவேண்டியதாயிற்று.

வானில் ஏறிய கண்கள்

தரையில் நின்று அகச்சிவப்பைப் பார்ப்பது எளிதன்று. காற்றில் உள்ள நீராவி அதன் பெரும்பகுதியை விழுங்குகிறது. தொலைநோக்கியும் காற்றும் தம் வெம்மையால் 10 மைக்ரோமீட்டர் அளவில் தாமே ஒளிர்கின்றன. நண்பகலில், எரியும் விளக்குகளுக்கு நடுவே நின்று விண்மீன் தேடுவதற்கு இது ஒப்பாகும். அதனால்தான் வறண்ட உயர்மலைகளும் பலூன்களும் விண்கலங்களும் தேவைப்படுகின்றன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1 மீட்டர் ஆடியுடைய தொலை அகச்சிவப்புத் தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூனில் அனுப்பி, விண்மீன் பிறக்கும் முகில்களை ஆராய்ந்தது. இராசத்தானின் அபு மலையில் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி உள்ளது. லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி கண்ணொளியிலும் அகச்சிவப்பிலும் இயங்குகிறது; பெங்களூருக்கு அருகில் உள்ள ஓசக்கோட்டையில் இருந்தபடியே அதனை இயக்குகின்றனர்.

1983இல் செலுத்தப்பட்ட ஐராஸ் விண்கலம், நீர்ம ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட தொலைநோக்கியைக்கொண்டு ஏறத்தாழ பத்து மாதங்களில் வானத்தின் மிகப் பெரும்பகுதியை நான்கு அகச்சிவப்பு அலைநீளங்களில் அளந்தது. அதன் தரவுகளிலிருந்து, போக் சுட்டிய உருண்டை முகில்கள் பலவற்றில் விண்மீன்கள் புதைந்திருப்பது 1990இல் வெளிப்பட்டது. போக் 1983இலேயே மறைந்துவிட்டார்.

2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர், அருகிலுள்ள ஐந்து பெருமுகில்களைத் துழாவி 1024 இளம் விண்மீன்களைப் பட்டியலிட உதவியது. இக்கணக்கெடுப்பு வெறும் எண்ணிக்கைக்காக அன்று. ஓர் ஊரில் தவழும் குழந்தைகளைவிடப் பள்ளி செல்லும் பிள்ளைகள் பல மடங்கு மிகுதி. தவழும் பருவம் குறுகியது என்பதே காரணம். அவ்வாறே எந்தப் பருவத்தில் எத்தனை விண்மீன்கள் உள்ளன என்பதிலிருந்து அப்பருவத்தின் நீளத்தைக் கணிக்கலாம். வட்டு மட்டும் எஞ்சிய இரண்டாம் வகைப் பருவம் ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகள் எனக் கொண்டால், உறைக்குள் இருக்கும் பருவம் ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகள் என வந்தது. எந்த மனிதரும் இருந்து பார்க்க இயலாத நிகழ்ச்சியின் கால அளவு, ஒரு பட்டியலை எண்ணிப் பார்த்ததில் கிடைத்தது.

2009இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் செலுத்திய தொலை அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கு ஹெர்ஷல் என்றே பெயர். 3.5 மீட்டர் ஆடியுடைய அது, முகில்கள் நூலிழைகள் போன்ற நீண்ட கட்டமைப்புகளாக இருப்பதையும், விண்மீன் பிறக்கும் கருக்கள் பலவும் அவ்விழைகளில் கோத்த மணிகள் போல அமைந்திருப்பதையும் காட்டியது. அது ஆராய்ந்த முகில்களில் ஒபியூகஸும் ஒன்று.

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஐந்தடுக்குத் திரையின் நிழலில் 50 கெல்வினுக்கும் கீழே குளிர்ந்து நிற்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, தன் பணியின் முதலாண்டு நிறைவை ஒட்டி 2023 சூலையில் ஒரு படத்தை வெளியிட்டது. கேட்டைக்கு அருகே உள்ள அதே முகிலின் ஒரு சிறு பகுதி அது. அதில் ஏறத்தாழ ஐம்பது இளம் விண்மீன்கள் உள்ளன. சிலவற்றிலிருந்து ஹைட்ரஜன் தாரைகள் செந்நிறமாகக் குறுக்கும் நெடுக்கும் பாய்கின்றன. ஒரு விண்மீன் தன் ஒளியாலும் காற்றாலும் சுற்றியுள்ள தூசைக் குடைந்து, ஒளிரும் குகை ஒன்றை அமைத்துக்கொண்டுள்ளது. இன்னும் சில விண்மீன்களின் இருபுறமும் மெல்லிய கருநிழல் படிந்திருக்கிறது. கோள்கள் உருவாகக்கூடிய வட்டுகளின் நிழல் அது.